கோட்டையூர் சேகரமும் அற்புதக் காதல் நாவல்களும்

காதலும் அற்புதமும் கலந்த கதையை அதன் ஆசிரியரே முன்னின்று அச்சிட்டு வாசகர் கையில் சேர்ப்பது தமிழ் நாவலின் தொடக்க காலத்திலிருந்தே இருந்துவரும் வழக்கம். மறுபிறப்புக் காதல், நாகர் உலகக் காதல், காலம் தாண்டிய காதல் என்று இன்று கிண்டிலிலும் கதைத்தளங்களிலும் வருபவை அதன் புதிய வடிவங்கள். இவற்றை விரும்பிப் படிப்பவர்கள் மிகப் பலர். இவற்றைப் பற்றி எழுதும் விமர்சகர்கள் மிகச் சிலர். எழுதுகிறவர்களும் பெரும்பாலும் படிக்காமலே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இந்த இடைவெளி நூறாண்டுக்கும் மேல் பழமையானது. அதைப் புரிந்துகொள்ளப் பொருத்தமான ஓர் இடம் சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியை ஒட்டியுள்ள கோட்டையூர்.

கோட்டையூர் சேகரம்

கோட்டையூர் என்றதும் வள்ளல் அழகப்பச் செட்டியாரின் (1909–1957) பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். 1947இல் காரைக்குடியில் அவர் தொடங்கிய கல்லூரி இன்று பல்கலைக்கழகம் வரை வளர்ந்திருக்கிறது. அதே ஊரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் செய்த பணி ஓசையில்லாதது. சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் கலைஞராக இருந்த அவர், மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் நூல்களை வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார். பின்னர் கோட்டையூருக்குத் திரும்பித் தம் வீட்டையே நூலகமாக்கிக்கொண்டார். 1992இல் அவர் மறைந்தபோது நூல்களும் இதழ்களுமாக அந்த வீட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் பொருள்கள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சென்னையில் அமைக்கப்பட்டது. அவர் புத்தகம் வாங்கிய மூர் மார்க்கெட் 1985ஆம் ஆண்டுத் தீவிபத்தில் அழிந்துபோனதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும்.

இந்தச் சேகரத்தின் சிறப்பு அதன் அளவு மட்டுமல்ல. முத்தையா தரம் பிரித்துச் சேர்க்கவில்லை. சங்க இலக்கியப் பதிப்புகளோடு நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ், குஜிலிக் கடைப் பாட்டு, ஓரணா இரண்டணா நாவல் எல்லாவற்றையும் சேர்த்தார். பெரிய நூலகங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கக்கூடிய நூல்கள் கோட்டையூர் வீட்டில் அலமாரி ஏறின. சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியது 1939இல். ஆண்டுதோறும் கம்பனைக் கேட்க ஊர் திரண்டது. அதே வட்டாரத்தில் ஒரு வீட்டில் மதனகாமராஜன் கதையும் மர்ம நாவலும் பாதுகாக்கப்பட்டன. முதலாவது செட்டிநாட்டின் பெருமையாகப் பேசப்படுகிறது. இரண்டாவதை ஆராய்ச்சியாளர்கள் மட்டுமே அதிகம் அறிவார்கள். ஆனால் ஒரு சமூகம் என்ன படித்தது என்று கேட்டால், முதல் இடம் அரைப் பதிலைத்தான் தரும். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’, ‘முச்சந்தி இலக்கியம்’ போன்ற ஆய்வுகள் இவ்வகைச் சேகரங்கள் இல்லாவிட்டால் சாத்தியமே இல்லை.

கையொப்பமும் சொந்த அச்சும்

19ஆம் நூற்றாண்டில் இன்று நாம் அறிந்த பொருளில் பதிப்பகங்கள் பெரும்பாலும் கிடையாது. நூலாசிரியர் புரவலரைத் தேட வேண்டும், அல்லது வாங்குவதாக ஒப்புக்கொள்பவர்களிடம் முன்கூட்டிக் ‘கையொப்பம்’ வாங்க வேண்டும், அல்லது தம் கைப்பணத்தைப் போட வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கக் கையொப்பம் சேர்த்து அலைந்ததைத் தம் வரலாற்றில் விரிவாகச் சொல்கிறார். மயில் வடிவப் பறக்கும் பொறியில் அரசி தப்பிச் செல்வதும், நாயகன் எட்டு மணம் புரிவதும் கொண்ட அந்தக் காப்பியத்துக்கு ‘மணநூல்’ என்றே ஒரு பெயர் உண்டு. தமிழின் புகழ்பெற்ற அற்புதக் காதல் கதை பெரும் பதிப்பகம் எதுவுமின்றி, ஒரு தனிமனிதரின் முயற்சியில் அச்சேறியது என்று சொன்னால் அதில் மிகை எதுவும் இல்லை.

நாவல் வந்தபின் இந்த வழி இன்னும் அகலமானது. ஜே. ஆர். ரங்கராஜு தம் துப்பறியும் நாவல்களைத் தாமே அச்சிட்டு விற்றார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் தம் நாவல்களுக்காகவே ‘மனோரஞ்சினி’ என்ற இதழை நடத்தினார். மறைமலையடிகள்கூட இந்தப் பக்கம் வந்திருக்கிறார். ரெயினால்ட்ஸ் எழுதிய காக்கேசிய மலைநாட்டு அற்புதக் காதல் கதையைத் தழுவி, 1911இல் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ என்ற நாவலை வெளியிட்டார். தனித்தமிழ் இயக்கத்தின் தலைவர் என்றே அவரை அறிந்த மாணவர்களுக்கு இது சற்று வியப்பாக இருக்கலாம்.

இவர்களில் முழுமையான சுயாதீன வெளியீட்டாளர் வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960). எழுதப் பழகாத காலத்தில் கதையை வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக்கொண்டார். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தாமே நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். எழுத்தாளர், ஆசிரியர், வெளியீட்டாளர் மூவரும் ஒரே பெண். தாம் எழுதியதை வேறொருவர் ஏற்கிறாரா என்று அவர் காத்திருக்க வேண்டியதில்லை. தடுக்கும் கை இல்லாததுபோலவே திருத்தும் கையும் இல்லை. இவ்வகை நாவல்களின் பலமும் பலவீனமும் இந்த ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன.

மருட்கையும் உவகையும்

மேலைத் திறனாய்வு நாவலையும் ‘ரொமான்ஸ்’ எனப்படும் அற்புதக் கதையையும் இரண்டு வடிவங்களாகப் பிரிக்கிறது. கிளாரா ரீவ் 1785இலேயே இந்த வேறுபாட்டை விவாதித்தார். நார்த்ரப் பிரை 1957இல் அதைக் கோட்பாடாக வளர்த்தெடுத்தார். பின்னவரின் கருத்தில் அற்புதக் கதை குறைபட்ட நாவல் அல்ல, தனக்கென விதிகள் உள்ள வேறு வடிவம். தமிழில் பேச அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளில் மருட்கையும் உவகையும் உண்டு. மருட்கை என்பது வியப்பு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து பிறக்கும். உவகை செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்ற நான்கிலிருந்து பிறக்கும். அற்புதக் காதல் நாவல் செய்வது இந்த இரண்டையும் ஒன்றோடொன்று பின்னுவதுதான்.

இதிலிருந்தே ஓர் அளவுகோலும் கிடைக்கிறது. வியப்பு காதலுக்குள் ஏதேனும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பல நாவல்களில் மந்திரம் வருவது தடையை நீக்குவதற்கு மட்டுமே. அப்பா சம்மதிக்கவில்லை, ஒரு சித்தர் வந்து சம்மதிக்க வைக்கிறார். அங்கே காதலர் மாறுவதில்லை, சூழ்நிலைதான் சௌகரியமாகிறது. வாசகருக்கு நிம்மதி கிடைக்கும், வியப்பு கிடைக்காது. இன்னொரு வகையில் அற்புத நிகழ்ச்சி நடந்தபின் காதலர் இருவரும் பழைய நிலையில் நிற்க முடியாமல் போகிறது. யார் பெரியவர், யார் யாரைக் காப்பவர் என்ற கணக்கே மாறிவிடுகிறது. தொல்காப்பியச் சொல்லில் இது ‘ஆக்கம்’, அதாவது ஒன்று வேறொன்றாக ஆவதில் பிறக்கும் வியப்பு. இவ்வகை நாவல்களில் மீண்டும் படிக்கத் தூண்டுபவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

யானையின் மாலை

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) இதற்கு நல்ல சான்று. தமிழின் முதல் நாவல் என்ற பட்டமே அதற்குப் பகையாகிவிட்டது. பரீட்சைக்காகப் படிப்பவர்கள் ஆண்டையும் ஆசிரியர் பெயரையும் மனப்பாடம் செய்துவிட்டு, அது எவ்வளவு வேடிக்கையான நூல் என்பதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

பிரதாபனும் ஞானாம்பாளும் உறவினர், சேர்ந்து வளர்ந்தவர்கள். மணம் நிச்சயமாகும் நேரத்தில் மாப்பிள்ளை யார் வீட்டில் இருப்பது என்று சம்பந்திகள் சண்டையிடுகிறார்கள். வீட்டோடு மாப்பிள்ளையாக அனுப்ப ஒரு தகப்பன் மறுக்கிறார், பெண்ணைப் பிரிய இன்னொரு தகப்பன் மறுக்கிறார். இதுவரை கதை தஞ்சைப் பகுதியின் வசதியான வேளாளக் குடும்பக் கதைதான். ஆள்கடத்தல், ஆள்மாறாட்டம் எல்லாம் கடந்து மணம் முடிகிறது. அதற்குப் பிறகுதான் நாவல் உண்மையில் சிறகு முளைத்துப் பறக்கிறது. யானை ஒன்று பிரதாபனைச் சுமந்துகொண்டு ஓடி, அவனை முன்பின் தெரியாத விக்கிரமபுரிக்குக் கொண்டுசேர்க்கிறது. அங்கே அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுக்கிறான். கூலி எவ்வளவு என்று பேசாமல், சந்தோஷப்படுத்துவதாகச் சொல்லிவிடுகிறான். எவ்வளவு கொடுத்தாலும் செருப்புத் தைத்தவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. வழக்கு மன்றம் ஏறுகிறது. பிரதாபன் சிறைக்குப் போகிறான்.

இதே நேரத்தில் ஞானாம்பாள் ஆண் வேடமிட்டுக் கணவனைத் தேடி வருகிறாள். வாரிசில்லாமல் அரசன் இறந்துபோக, அடுத்த அரசனைத் தேர்ந்தெடுக்கப் பட்டத்து யானையின் துதிக்கையில் மாலை கொடுத்து அனுப்புகிறார்கள். அது ஞானாம்பாள் கழுத்தில் மாலையைப் போடுகிறது. நாட்டுப்புறக் கதைகளில் பலமுறை வந்த நிகழ்ச்சி இது. மதனகாமராஜன் கதை போன்ற நூல்களில் திளைத்த வாசகர் யானையைக் கண்டதுமே அடுத்து நடப்பதை ஊகித்திருப்பார். அமைச்சன் மகன் பன்னிரண்டு கதை சொல்லும் அந்த நூல் 19ஆம் நூற்றாண்டில் பலமுறை அச்சானது. நடேச சாஸ்திரியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1886இல் வந்தது. ஆனால் பழைய கதையில் மாலை விழுவது ஏழை இளைஞன் கழுத்தில். மாயவரத்து முன்சீப் அதை ஒரு மனைவியின் கழுத்தில் விழவைக்கிறார்.

விளைவு அபாரமானது. கணவன் குற்றவாளி, மனைவி அரசன். செருப்பு வழக்கு அவள் முன்னால் வருகிறது. புதிய அரசன் முடிசூடியதில் உனக்குச் சந்தோஷம்தானே என்று அவள் கேட்கிறாள். ஆமாம் என்று சொல்வதைத் தவிர செருப்புத் தைத்தவனுக்கு வேறு வழியில்லை. சந்தோஷம் கிடைத்துவிட்டது, கூலி தீர்ந்தது. நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்த ஒருவர் சட்டத்தைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு இது. கூடவே வேறொன்றும் நடக்கிறது. அதுவரை பிரதாபன் சொல்லும் கதையில் ஞானாம்பாள் புத்திசாலியான மனைவி. இப்போது அவன் உயிர் அவள் சொல்லில் நிற்கிறது. வியப்பு காதலின் கணக்கை மாற்றுவது என்றால் இதுதான்.

குறைகளும் உண்டு, மறைக்கத் தேவையில்லை. கதை நடுவே கதை, அதன் நடுவே உபதேசம் என்று நூல் பல இடங்களில் நின்றுவிடுகிறது. ஞானாம்பாளின் ஆட்சிச் செயல்கள் ஒரு கட்டத்தில் சட்டச் சீர்திருத்தப் பட்டியல்போல ஆகிவிடுகின்றன. முடிவில் அவள் ஆனந்தவல்லிக்கு அரசைக் கொடுத்துவிட்டுக் குடும்பப் பெண்ணாகத் திரும்புகிறாள். பெண் கல்விக்காக வாதாடிய வேதநாயகம் பிள்ளையாலும் அவளை அரியணையில் விட்டுவிட்டு வர முடியவில்லை. ஆனாலும் அரியணையில் உட்கார்ந்த ஞானாம்பாளைப் படித்த பெண், நாவல் முடிந்ததும் அவளை அங்கிருந்து இறக்கிவிட்டிருப்பாள் என்று நம்ப முடியாது.

செட்டிநாட்டுப் பின்னணியில் இந்தப் பகுதியைப் படிக்கும்போது அதன் கனம் கூடுகிறது. நகரத்தார் ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் ‘கொண்டுவிக்க’ப் போவார்கள். தவணை முடிய ஆண்டுகள் ஆகும். பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில் இருந்த பெண்களுக்குக் காத்திருப்பதே வழக்கம். காத்திருக்க மட்டுமே பழகிய வீட்டில், கணவனைத் தேடி ஆண் உடையில் புறப்பட்டு, போன இடத்தில் அரசனாகவும் ஆகிவிடும் மனைவியின் கதை என்னவாகக் கேட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

ரசிப்பதற்கு எதிரான புகார்

இன்பத்துக்காகப் படிப்பதைக் கண்டிக்கும் மரபும் பழமையானது. சோழ அரசன் சீவக சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்ததைக் கண்டு வருந்திய சேக்கிழார், சிவனடியார் வரலாற்றை நோக்கி அவனைத் திருப்பினார் என்று சேக்கிழார் புராணம் சொல்கிறது. பெரியபுராணம் பிறந்த கதையே ஓர் அற்புதக் காதல் நூலின் மீதான கண்டனத்தில்தான் தொடங்குகிறது. 20ஆம் நூற்றாண்டில் புகாரின் சொற்கள் மாறின. நாவல் படித்துப் பெண்கள் கெடுகிறார்கள், வேலை ஓடுவதில்லை, இல்லாததை எதிர்பார்க்கிறார்கள் என்று எழுதினார்கள்.

மூன்றாவது புகார் இலக்கியத்துக்குள்ளிருந்தே வந்தது. அதற்கும் காரைக்குடியோடு தொடர்பு உண்டு. புதுமைப்பித்தன் 1930களின் முற்பகுதியில் சிறிது காலம் காரைக்குடி ‘ஊழியன்’ இதழில் வேலை பார்த்தார். ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். அந்த எதிர்ப்பு நியாயமானது, அதனால் தமிழ்ச் சிறுகதைக்கு லாபமே. ஆனால் அற்புதத்தை அவர் வெறுக்கவில்லை. ‘காஞ்சனை’, ‘பிரம்ம ராக்ஷஸ்’, ‘கபாடபுரம்’ மூன்றும் அற்புதத்திலேயே நிற்பவை. அவருக்குப் பின்வந்த விமர்சனம் அவருடைய கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டது, ரசனையை விட்டுவிட்டது. யதார்த்தமே நாவலின் ஒரே நேர்மை என்ற எண்ணம் கல்விக்கூடங்களில் பாடமாகவே ஆனது. பிரதாப முதலியார் சரித்திரத்தின் யானை ‘முதல் முயற்சிக்குரிய பலவீனம்’ என்று மன்னிக்கப்பட்டது.

வாசகரைக் கேட்டு எழுதியவர்கள் வேறு முடிவுக்கு வந்தார்கள். ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியான தம் ஆய்வில் அமெரிக்க ஊர் ஒன்றின் காதல் நாவல் வாசகிகளிடம் பேசினார். புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்பதோடு, புத்தகத்தைக் கையில் எடுப்பதே அவர்களுக்கு ஒரு செயல் என்று கண்டார். ‘இந்த நேரம் எனக்கு’ என்று வீட்டாரிடம் சொல்லாமல் சொல்வது அது. அந்தக் கதைகள் கடைசியில் பழைய குடும்ப ஒழுங்கையே உறுதிப்படுத்துகின்றன என்பதையும் அவர் மறைக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஞானாம்பாள் அரியணை ஏறியதும் இறங்கியதும் போல.

இன்றைய நிலை

அமேசான் கிண்டிலில் 2016ஆம் ஆண்டு இறுதியில் தமிழில் நேரடியாக வெளியிடும் வசதி வந்தது. பிரதிலிபி போன்ற தளங்கள் அதற்கு முன்பே இருந்தன. அமெரிக்காவில் அமாண்டா ஹாக்கிங் 2010இல் தம் அமானுஷ்யக் காதல் நாவல்களைத் தாமே மின்னூலாக வெளியிட்டு, ஓராண்டுக்குள் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றார். பிறகுதான் பெரிய பதிப்பகம் அவரைத் தேடி வந்தது. தமிழில் தொகை அவ்வளவு பெரிதல்ல, ஆனால் முறை ஒன்றுதான். எழுதுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கதை அத்தியாயம் அத்தியாயமாகத் தளத்தில் வரும். வாசகிகள் ‘அடுத்த யூடி எப்போது’ என்று கேட்பார்கள். முடிந்தபின் மின்னூலாகும்.

மேலே சொன்ன அளவுகோலை வைத்துப் பார்த்தால் இங்கும் இரண்டு வகையும் இருப்பது தெரியும். ‘ஆன்டி ஹீரோ’ என்ற பெயரில் வரும் கதைகளில் நாயகன் மிரட்டுகிறான், அடைத்து வைக்கிறான், கடைசியில் மன்னிக்கப்படுகிறான். அவனுக்கு மந்திர சக்தியோ முற்பிறவிச் சாபமோ கொடுத்துவிட்டால் கொடுமைக்கு ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. இங்கே அற்புதம் சமாதானம் சொல்லும் வேலையைத்தான் செய்கிறது. இதைக் கண்டிக்க யதார்த்தவாதியாக இருக்க வேண்டியதில்லை, நல்ல அற்புதக் கதையை ரசிக்கத் தெரிந்திருந்தாலே போதும். பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டில் முற்பிறவி நினைவு திரும்புவது இப்போது வழக்கமான களம். ஆத்தங்குடிக் கல்லும் தேக்குத் தூணும் வர்ணனையில் தவறாமல் வரும். அந்த வீடு எந்தப் பணத்தில் எழுந்தது, யார் காத்திருந்த வீடு என்ற கேள்வியைக் கதைக்குள் கொண்டுவரும் நாவலில் வீட்டின் ஆவி வெறும் அலங்காரமாக நிற்பதில்லை. அவள் பழைய காதலைக் கேட்கிறாளா, பழைய கணக்கைக் கேட்கிறாளா என்பதில் கதையின் திசையே மாறும்.

இவற்றைத் திருத்தமாக வாசிக்கும் விமர்சனம் இல்லாததால் நஷ்டம் எழுத்தாளருக்கும்தான். தளத்தில் ‘சூப்பர் சிஸ்’ என்ற பாராட்டும், வெளியே ‘குப்பை’ என்ற ஒற்றைச் சொல்லும் தவிர அவருக்கு எதிர்வினை கிடைப்பதில்லை. எந்த அத்தியாயத்தில் கதை சரிந்தது என்று இரண்டு பேச்சிலிருந்தும் தெரிந்துகொள்ள முடியாது.

சேமிப்பு அதைவிட அவசரமான பிரச்சினை. பல தொடர்கள் முடிந்த சில நாட்களில், மின்னூல் விற்பனைக்காகத் தளத்திலிருந்து நீக்கப்படுகின்றன. அத்தியாயத்துக்கு அத்தியாயம் வாசகிகள் எழுதிய கருத்துகளும் அதோடு போய்விடும். தளம் மூடப்பட்டால் எதுவும் மிஞ்சாது. கதை எழுதப்பட்டபோதே வாசகர் எப்படிச் சிரித்தார், எங்கே கோபப்பட்டார், எந்த முடிவை மாற்றச் சொன்னார் என்பதற்கு 1920களின் நாவல்களுக்குக்கூட இவ்வளவு நேரடியான சான்று கிடையாது. நூறாண்டுக்கு முந்திய குஜிலிப் பாட்டுப் புத்தகத்தைத் தரமணியில் உள்ள நூலகத்தில் இன்று கேட்டுப் படிக்கலாம். இரண்டாண்டுக்கு முன் பலர் இரவு கண்விழித்துப் படித்த ஒரு நாகலோகக் காதல் தொடர் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், அதை எழுதியவரின் கணினியைத்தான் கைகாட்ட வேண்டியிருக்கிறது.